ஃபோர்வேர்டர் மூலம் அமெரிக்காவில் இருந்து கமரா, ஸ்பீக்கர், கீபோர்ட், றவுட்டர் எடுப்பது: ஒரே பெட்டியா, தனித்தனியா?

நிலாமுற்றம் (வெள்ளவத்தை)

அண்ணாமார், அக்காமார்,

அமெரிக்கக் கடைகளில் இருந்து நான்கு சாமான்கள் எடுக்க யோசிக்கிறேன். நேரே இலங்கைக்கு அனுப்பாத கடைகள். ஒரிகனில் களஞ்சியம் வைத்திருக்கும் ஒரு பார்சல் ஃபோர்வேர்டரிடம் (அங்கே பார்சலைப் பெற்று இங்கே அனுப்பிவிடும் சேவை) முகவரி எடுத்தாயிற்று. பட்டியல் இது:

மிரர்லெஸ் கமரா பொடி (லென்ஸ் இல்லாத உடல்) ஒன்று, மேலதிகப் பற்றரி இரண்டு (பற்றரி வேறு கடை). 5 அங்குல ஸ்டூடியோ மொனிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி, அம்ப்ளிஃபையர் உள்ளே இருக்கிற வகை. மெக்கானிக்கல் கீபோர்ட் ஒன்று. வை-ஃபை றவுட்டர் ஒன்று.

நாலையும் ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பச் சொன்னால் மலிவாக முடியுமா? கொழும்பில் வரி எந்தக் கணக்கில் வரும்? ஒரு கடை என் ஓடரைக் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்துவிட்டது, கார்டில் காசு இருந்தும். அதோடு, பெறுமதியைக் குறைத்து எழுதச் சொன்னால் வரி குறையும் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியா?

---

பொதிக்கணக்கு

பெட்டியின் அளவில் இருந்து தொடங்குங்கள், சாமானின் விலையில் இருந்து அல்ல.

விமானக் கூரியர் இரண்டு நிறை பார்க்கும். ஒன்று தராசு நிறை. மற்றது கனவளவு நிறை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்தால் கிலோவில் வரும். அங்குலத்தில் அளந்தால் 139 ஆல் பிரிக்க வேண்டும், விடை இறாத்தலில். இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. அதையும் அடுத்த அரைக் கிலோவுக்குக் கூட்டிவிடுவார்கள். சில ஃபோர்வேர்டர்கள் 6000 ஆல் பிரிப்பதும் உண்டு, எனவே விலைப்பட்டியலில் அந்த எண்ணை முதலில் தேடுங்கள்.

உங்கள் கீபோர்டை எடுங்கள். அதன் சொந்தப் பெட்டி ஏறக்குறைய 45 × 18 × 7 செ.மீ. என்றால் 5670 ÷ 5000 = 1.13. ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கட்டுவீர்கள். அதையே கடைக்காரர் 60 × 40 × 30 பெட்டியில் காற்றுப்பை அடைத்து அனுப்பியிருந்தால் 72,000 ÷ 5000 = 14.4. பதினாலரைக் கிலோவுக்குக் காசு! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எனவே கீபோர்டுக்கு 'ரீபெக்', அதாவது களஞ்சியத்திலேயே சின்னப் பெட்டிக்கு மாற்றுவது, கட்டாயம் கேளுங்கள். அனுப்பக் கட்டளை கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும், பெட்டி கூரியருக்குப் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பில் இப்படி எழுதுங்கள்: "கடையின் வெளிப்பெட்டியை மட்டும் நீக்கவும், தயாரிப்பாளரின் பெட்டியைத் திறக்க வேண்டாம்." இரண்டாவது பகுதியை எழுதாவிட்டால் சில களஞ்சியங்கள் உள்பெட்டியையும் எறிந்துவிட்டுச் சாமானைக் குமிழ்த்தாளில் சுற்றி வைத்துவிடும். கமராவுக்கு அப்படி நடந்தால் சீரியல் லேபல் ஒட்டிய பெட்டியே போய்விடும்.

ஸ்பீக்கருக்கு இதற்கு நேர்மாறு. ஒரு பெட்டி 40 × 35 × 30 என்று வைத்தால் 8.4 கிலோ, சோடி 16.8. தராசில் 12, 13 தான் நிற்கும். ஆனாலும் ரீபெக் கேட்காதீர்கள். அந்த அளவு முழுவதும் தொழிற்சாலை நுரைக்கட்டை. அதை எடுத்தால் பெட்டி சிறுக்கும், ட்வீட்டரின் (உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மெல்லிய குமிழ் உள்ளே அமுங்கி வந்துசேரும். ஸ்பீக்கருக்குக் கேட்க வேண்டியது 'டபிள் பொக்ஸ்', அதாவது அந்தப் பெட்டியைச் சுற்றி இன்னொரு பெட்டி. அது இன்னும் நிறையைக் கூட்டும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் அந்த ஸ்பீக்கர்தான் வேண்டுமா என்று ஒருக்கா யோசியுங்கள்.

சேர்ப்பதா பிரிப்பதா என்றால்: கூரியர் கட்டணத்தில் முதல் அரைக் கிலோதான் விலை கூட, பிறகு ஏறும் ஒவ்வொரு அரைக் கிலோவும் மலிவு. ஆகவே சின்னச் சாமான்களைச் சேர்ப்பது நியாயம். கமரா, பற்றரி, கீபோர்ட் மூன்றும் ஒரு பெட்டி. ஸ்பீக்கரைச் சேர்த்தால் எல்லாவற்றையும் அடக்க ஒரு பெரிய வெளிப்பெட்டி வேண்டும், மூலைகளில் இருக்கும் வெறுமைக்கும் காசு போகும். றவுட்டரைச் சேர்க்காதீர்கள். அதற்கு ஏதாவது அனுமதித் தாள் கேட்டுப் பெட்டி நின்றால் கமராவும் சேர்ந்து நிற்கும்.

பற்றரி விடயத்தை வடிவாகக் கவனியுங்கள், ஆக அதிகமான பார்சல்கள் மாட்டுப்படுவது இதில்தான். தனியாக வரும் லித்தியம் அயன் பற்றரி, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. இலக்கத்தில் யு.என். 3480 என்ற வகை. 2016 ஏப்ரல் 1 முதல் அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது, சரக்கு விமானத்தில் என்றாலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. பவர் பாங்க்கும் இதே வகைதான். ஆகவே பெரும்பாலான ஃபோர்வேர்டர்கள் தனிப் பற்றரியைத் தொடவே மாட்டார்கள். அதே பற்றரி தனக்குரிய சாதனத்தோடு ஒரே பெட்டியில் இருந்தால் யு.என். 3481, அதற்கு வழி உண்டு. அந்த விதிப்படி சாதனம் இயங்கத் தேவையான பற்றரியோடு மேலதிகமாக இரண்டு தொகுதி வரை அதே பெட்டியில் வைக்கலாம். உங்கள் இரண்டு பற்றரியும் சரியாக அதற்குள் அடங்கும். உதாரணத்துக்கு சோனி என்.பி.-எஃப்.இசட்.100 பற்றரி 7.2 வொல்ட், 2280 மில்லி அம்பியர் மணி, பெருக்கினால் 16.4 வொட் மணி. அந்த விதியில் உள்ள 100 வொட் மணி எல்லைக்கு வெகு கீழே.

எனவே பற்றரி முதலில் வந்தால் அதை மட்டும் அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். கமரா களஞ்சியத்துக்கு வரும் வரை இருக்கட்டும், இரண்டையும் சேர்த்த பிறகே கட்டளை கொடுங்கள். ஒவ்வொரு பற்றரியும் அதன் சில்லறைப் பொதியிலேயே, முனைகள் உலோகத்தில் படாமல் இருக்க வேண்டும். பெயரில்லாத தயாரிப்புகளை விடுங்கள்: யு.என். 38.3 என்ற பற்றரிப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கம் கேட்டால் காட்ட அவர்களிடம் ஒன்றும் இராது.

மலிவு என்று அமெரிக்க அஞ்சல் வழியைத் தெரிவு செய்தால் இந்த வசதி இல்லை. அவர்களின் சர்வதேச விதிப்படி சாதனத்துக்குள் பொருத்திய பற்றரி மட்டுமே போகும், பக்கத்தில் வைத்த மேலதிகப் பற்றரி போகாது.

சின்ன விடயம் இரண்டு. முகவரியில் உங்கள் சூட் இலக்கத்தை (ஃபோர்வேர்டர் உங்களுக்குத் தந்த அடையாள இலக்கம்) முதல் வரியிலேயே, பெயருக்குப் பக்கத்திலும் போடுங்கள். இரண்டாவது வரியைச் சில கடைகளின் லேபல் வெட்டிவிடும், இலக்கம் இல்லாத பெட்டி களஞ்சியத்தில் உரிமையாளர் இல்லாமல் கிடக்கும். மற்றது, அமெரிக்க அஞ்சலில் வரும் பொதியை உங்களுக்காகப் பொறுப்பேற்க 1583 என்ற படிவம் தேவை, இரண்டு அடையாள ஆவணத்தோடு. அதைச் சாமான் வாங்க முன்னமே முடித்துவிடுங்கள்.

---

மின்னோட்டம்

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் பிளக் பக்கத்தைச் சொல்கிறேன், தம்பி.

கமராவின் சார்ஜர், றவுட்டரின் அடப்டர் ரெண்டிலும் 100–240 வொல்ட், 50/60 ஹேர்ட்ஸ் எண்டு அச்சடிச்சிருக்கும். பிளக்கை மட்டும் மாத்தினால் போதும். கீபோர்ட் யு.எஸ்.பி., பிரச்சினையே இல்லை.

ஸ்பீக்கர்தான் ஆபத்து. ஓடர் போட முன்னம் அந்த மொடலின் பின்பக்கப் படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கோ. மூன்று விதம் இருக்கும். 100–240 எண்டு இருந்தால் நிம்மதி. 115/230 எண்டு சின்ன சிவப்பு ஆளி இருந்தால், மின்சாரம் குடுக்க முன்னம் அதை 230க்குத் தள்ள வேணும், ஃபியூசையும் மாத்த வேணும். ஒரே வொட்டுக்கு 230இல் ஏறக்குறைய அரைவாசி அம்பியர்தான் ஓடும், அதனால 115க்குப் போட்ட ஃபியூஸ் 230இல் பாதுகாப்புத் தராது. சரியான பெறுமானம் பின்பலகையிலேயே ரெண்டு வரியாக எழுதியிருக்கும். மூன்றாவது விதம் வெறும் 120 வொல்ட், 60 ஹேர்ட்ஸ். இதை நேரே எங்கட 230இல் குத்தினால் மின் வழங்கிப் பகுதி அந்தக் கணமே போகும். இரண்டு ஸ்பீக்கரும் என்றால் ரெண்டும் போகும்.

ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போடலாம்தானே எண்டு கேட்பீங்கள். அது வொல்டைத்தான் குறைக்கும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. 60க்கு மட்டும் எண்டு சுற்றின உள் ட்ரான்ஸ்ஃபோமர் 50இல் ஓடேக்க இரும்புக்குள்ள காந்தப் பாயம் 20 வீதம் கூடும். சூடு ஏறும், ஒரு மெல்லிய உறுமல் சத்தமும் கேட்கும். ஸ்டூடியோ ஸ்பீக்கரில் அந்த உறுமலை வைச்சுக்கொண்டு எதைக் கேட்கிறது? இதே காரணத்தால மெயின்ஸில் நேரே ஓடும் மோட்டர் உள்ள பழைய வகை டேர்ன்டேபிளும் அமெரிக்காவில் இருந்து எடுக்கக் கூடாது: ஆறில் ஐந்து வேகத்தில்தான் சுத்தும், பாட்டு சுருதி இறங்கிப்போகும். ஜப்பான் 100 வொல்ட் சாமானுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மின்வயரை மாத்திற வேலை லேசு. பின்பக்கம் கழட்டக்கூடிய மூன்று முனை குழி இருந்தால், கொம்பியூட்டர் மொனிட்டருக்குப் போடும் அதே வயர்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில சதுரக்கால் 13 அம்பியர் பிளக்கோட எடுக்கலாம். பிளக்குக்குள்ள இருக்கும் ஃபியூஸ் 3 அல்லது 5 அம்பியராக இருக்கட்டும், 13 வேண்டாம். அமெரிக்கத் தட்டைக்கால் பிளக்குக்கு மலிவு மாற்றி குத்தி வைக்கிறதை ஸ்பீக்கருக்குச் செய்யாதீங்கோ. அந்த மாற்றிகளில நிறைய நிலக்கம்பி இணைப்பே இல்லாதது.

றவுட்டரை நான் எடுக்கவே வேண்டாம் எண்டு சொல்லுவன். அமெரிக்க விற்பனைக்கான பல மொடல்களில் நாட்டுத் தெரிவு பூட்டியிருக்கும், 2.4 கிகாஹேர்ட்ஸில 11ஆம் சனல் வரைதான் காட்டும். அதைவிடப் பெரிய விடயம், கம்பியில்லாச் சாதனம் எல்லாம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பார்வைக்குள்ள வரும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம். அனுமதி கேட்டு நிறுத்தினால் மொடல் இலக்கம், அதிர்வெண், வெளியீட்டு வலு எல்லாம் உள்ள தாளோட எல்விட்டிகல மாவத்தையில இருக்கிற அவையின்ர அலுவலகத்துக்கு அலைய வேணும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உத்தரவாதத்தோட கிடைக்கிற ஒரு றவுட்டருக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை. வோக்கி-டோக்கி, ட்ரோன் எண்டால் இன்னும் கண்டிப்பு. அமெரிக்கக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி 1920–1930 மெகாஹேர்ட்ஸில் பேசும், ஐரோப்பிய வகை 1880–1900, ரெண்டும் ஒண்டல்ல.

போன் நீங்கள் கேட்கேல்லை, ஆனாலும் இந்தத் திரியை வாசிக்கிறவைக்குச் சொல்லி வைக்கிறன். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இல் இருந்து சிம் போடும் தட்டே இல்லை, ஈ-சிம் மட்டும். எந்தப் போன் எண்டாலும் ஐ.எம்.ஈ.ஐ. என்று டைப் பண்ணி ஒரு இடைவெளி விட்டு அந்தப் போனுக்குரிய 15 இலக்க அடையாள எண்ணையும் 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி ஆணைக்குழுவின் பதிவில் இருக்கா எண்டு பார்க்கலாம்.

---

நிலாமுற்றம்

மிக்க நன்றி. ஸ்பீக்கரின் பின்பலகைப் படத்தைப் பார்த்தேன்: 120 வொல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றுதான் இருக்கிறது. ஆளி இல்லை. ஆக அது பட்டியலில் இருந்து போய்விட்டது. றவுட்டரையும் விடுகிறேன். கமராவும் இரண்டு பற்றரியும் கீபோர்டும்தான் மிச்சம். வரிக் கணக்கையும் கார்ட் விடயத்தையும் யாராவது சொல்வீர்களா?

---

தீர்வைத்தாள்

சுங்கம் சாமானின் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். பெறுமதிக்குத்தான் போடும். பொதிக்கணக்கு சொன்ன பெட்டி அளவு இங்கேதான் இரண்டாவது தடவை உங்களைத் தாக்குகிறது: கூடின கூலியைக் கூரியருக்குக் கட்டுவீர்கள், அந்தக் கூலிக்கு வரியையும் சுங்கத்துக்குக் கட்டுவீர்கள்.

கணக்கின் உருவம் இது. முதலில் சி.ஐ.எஃப்.க்கு சுங்க இறக்குமதித் தீர்வை, அது எச்.எஸ். இலக்கத்தை, அதாவது சுங்கம் சாமானை வகைப்படுத்தும் இலக்கத்தை, பொறுத்தது. அடுத்தது துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி, அதுவும் சி.ஐ.எஃப்.க்கு. அதற்குப் பிறகு சி.ஐ.எஃப்.ஐ 10 வீதத்தால் உயர்த்தி, மேலே சொன்ன வரிகளை அதோடு கூட்டி, வரும் தொகைக்கு வற், அதாவது பெறுமதி சேர் வரி. வற் 2024 ஜனவரி முதல் 18 வீதம். அதே தொகைக்குச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம், 2022 ஒக்டோபரில் வந்தது. சில சாமான்களுக்குச் செஸ் என்ற மேலதிக வரியும் இருக்கும்.

கீபோர்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். விலை 120 டொலர், கூலி 40, காப்புறுதி 2. சி.ஐ.எஃப். 162. இறக்குமதித் தீர்வை பூச்சியம், அபிவிருத்தி வரி 10 வீதம் என்று எடுத்துக்கொள்வோம். அபிவிருத்தி வரி 16.20. உயர்த்திய பெறுமதி 178.20, அதோடு 16.20 கூட்டினால் 194.40. வற் 34.99, சமூகப் பாதுகாப்பு 4.86. மொத்த வரி 56.05 டொலர். இதே சாமானுக்கு இறக்குமதித் தீர்வை 20 வீதம் இருந்தால் மொத்தம் 95.09 ஆகிவிடும். 20 வீதத் தீர்வை 32.40 டொலரோடு நிற்காமல் அதன்மேல் வற்றும் ஏறுவதால்தான் இந்தப் பாய்ச்சல்.

வேறு விதமாகச் சொன்னால், தீர்வை பூச்சியமான சாமானில் நீங்கள் கூரியருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் உண்மையில் 1.35 டொலர். தீர்வை 20 என்றால் 1.59. ரீபெக் செய்யச் செலவாகும் சில டொலருக்கு யோசிப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

வீதங்கள் வரவுசெலவுத் திட்டத்தோடும் வர்த்தமானியோடும் மாறும். ஓடர் போடும் கிழமையில் சுங்கத்தின் இணையத்தளத்தில் உங்கள் இலக்கத்துக்கு எதிரே உள்ள வரியை வாசியுங்கள். தேட வேண்டிய தலைப்புகள் (இலக்கத்தின் முதல் நான்கு எண்): கமரா 8525, லென்ஸ் தனியாக என்றால் 9002, கீபோர்ட் 8471, பற்றரி 8507, ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் 8518, அடப்டர் 8504, போனும் றவுட்டரும் 8517. நாணயமாற்று வீதமும் அன்றைய வங்கி வீதமல்ல, சுங்கம் கிழமைக்கு ஒருக்கா வெளியிடும் வீதம்.

இங்கேதான் கலப்புப் பெட்டியின் குழி இருக்கிறது. ஃபோர்வேர்டரின் படிவத்தில் "எலக்ட்ரோனிக்ஸ், 1 பெட்டி" என்று ஒரே வரியாக எழுதினால், எந்தச் சாமானுக்கு எந்தத் தலைப்பு என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது. தீர்வை குறைந்த கீபோர்டும் தீர்வை கூடியதோடு போய்ச் சேரும். ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள்: சாமான் என்ன, தயாரிப்பாளர், மொடல், புதியது, எண்ணிக்கை, ஒன்றின் விலை, எச்.எஸ். இலக்கத்தின் முதல் ஆறு எண். கடையின் இன்வொய்ஸைப் பி.டி.எஃப். ஆக ஃபோர்வேர்டரின் கணக்கில் ஏற்றிவிடுங்கள், பெட்டிக்குள்ளும் ஒரு பிரதி போடச் சொல்லுங்கள். இன்வொய்ஸில் உங்கள் பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். கூரியர் அடையாள அட்டைப் பிரதி கேட்கும், சில வேளைகளில் வரி செலுத்துநர் இலக்கமும் கேட்கும்.

பெறுமதியைக் குறைத்து எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். செய்யாதீர்கள். கமராவின் மொடல் இலக்கம் பெட்டியிலேயே இருக்கிறது, அதன் சந்தை விலையை எந்த அதிகாரியும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு உங்கள் இன்வொய்ஸை நம்ப அவருக்குக் காரணம் இல்லை, பறிமுதலும் தண்டமும் சட்டத்தில் இருக்கிறது. 'பரிசு' என்று எழுதுவதும் கடை இன்வொய்ஸோடு ஒத்துப்போகாது. இன்னொரு பக்கமும் உண்டு: வழியில் பெட்டி தொலைந்தால் காப்புறுதி எழுதிய பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் தராது.

கூரியர் வழி என்றால் கட்டுநாயக்கவில் அவர்களே விடுவித்து, வரியை முன்கட்டி, அதற்கு ஒரு சேவைக் கட்டணம் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள். அந்தக் கட்டணத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் வழி என்றால் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள மத்திய தபால் பரிமாற்றகத்துக்கு வரும். எதுவானாலும் வரி கணித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பு பிழையாகப் போட்டிருந்தால் முறையிட அதுதான் ஆதாரம். பிறகொரு நாள் கமராவைத் திருத்த வெளிநாட்டுக்கு அனுப்பினால், அனுப்ப முன்னம் சீரியல் இலக்கத்தைச் சுங்கத்தில் பதிந்துகொள்ளவும் அது உதவும். பதியாமல் அனுப்பினால் திருத்தி வரும் சாமானைப் புது இறக்குமதியாகப் பார்ப்பார்கள்.

ஒரு விடயத்தை நேராகச் சொல்ல வேண்டும். கொழும்பில் கமரா விற்பவரும் இதே வரிகளைக் கட்டித்தான் எடுக்கிறார், ஆனால் மொத்தமாக எடுப்பதால் ஒரு பொடிக்கு விழும் கூலி குறைவு. எனவே இங்கே கிடைக்கும் மொடல் என்றால் ஃபோர்வேர்டர் வழி அநேகமாக வெல்லாது, உத்தரவாதமும் கையில் இராது. இங்கே கிடைக்காத மொடல், அல்லது அங்கே நன்றாக விலை இறங்கிய நேரம், இந்த இரண்டுக்கும்தான் இந்தப் பாதை.

---

கடைவழி

கார்ட் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கடைகள் கார்ட் உரிமையாளரின் முகவரியை வங்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த ஒப்பீடு இலங்கை வங்கிகளில் வேலை செய்யாது, "தகவல் இல்லை" என்றே பதில் போகும். அதோடு, அனுப்பும் முகவரி ஒரு ஃபோர்வேர்டரின் களஞ்சியம் என்பதும் பல கடைகளின் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மோசடி என்று நினைத்து ஓடரைத் தானாகவே வெட்டிவிடும். பில்லிங் முகவரியிலும் களஞ்சிய முகவரியைப் போட்டால் தப்பலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது சந்தேகத்தைக் கூட்டும். உண்மையான வெள்ளவத்தை முகவரியையே போடுங்கள். பேபால் ஏற்கும் கடை என்றால் அதில் கட்டுங்கள். இலங்கையில் பேபாலால் காசு பெற முடியாது, அனுப்ப முடியும், உங்களுக்குத் தேவையானது அதுதான். முறைப்பாடு வைக்க 180 நாள் இருக்கிறது. ஆனால் நாணயமாற்றைப் பேபாலிடம் விடாமல் டொலரிலேயே கார்டில் அறவிடும்படி மாற்றுங்கள். வங்கி செயலியில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுக்கல்வாங்கலையும் எல்லையையும் முதலில் திறந்துவிடுங்கள். வங்கியின் மாற்றுக் கட்டணம், முத்திரைத் தீர்வை இரண்டும் கூற்றில் வரும், கணக்கில் சேருங்கள்.

ஒரிகன் நல்ல தெரிவு. அந்த மாநிலத்தில் விற்பனை வரி இல்லை. டெலவெயார், மொண்டானா, நியூ ஹம்ப்ஷயரிலும் இல்லை. பிரித்தானிய ஃபோர்வேர்டர் என்றால் 20 வீத வற் விலைக்குள்ளேயே இருக்கும், சாமான் உள்நாட்டு முகவரிக்குப் போவதால் திரும்பக் கிடைக்காது. சிங்கப்பூரில் 9, ஜப்பானில் 10. ஜப்பானில் கமரா எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்நாட்டு விற்பனைக்கான சில மொடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்.

ஈபேயில் வாங்கினால் ஒரு ஓட்டை. சாமான் முதல் முகவரியில் இருந்து வேறிடத்துக்கு மறுபடி அனுப்பப்பட்டதும் அவர்களின் பணமீட்பு உத்தரவாதம் பொருந்தாது. ஆகவே பெட்டி களஞ்சியத்தில் இருக்கும்போதே பரிசோதனையை முடிக்க வேண்டும். ஃபோர்வேர்டரிடம் காசு கட்டிப் படம் கேளுங்கள், "படம் வேண்டும்" என்று பொதுவாக அல்ல: பெட்டியின் ஆறு பக்கம், முத்திரை ஒட்டு, சீரியல் லேபல் வாசிக்கும் அளவுக்குக் கிட்டத்தில், தராசில் வைத்த நிறை. அந்த நிறையைத் தயாரிப்பாளர் தளத்தில் உள்ள பொடியின் நிறையோடு ஒப்பிட்டால் வெறும் பெட்டி வந்திருக்கிறதா என்று அங்கேயே தெரியும். பிழை என்றால் அமெரிக்காவுக்குள்ளேயே திருப்பி அனுப்பலாம், செலவும் கொஞ்சம். கொழும்புக்கு வந்த பிறகு திருப்பினால் கூலியும் கட்டிய வரியும் உங்கள் தலையில். கடையின் திருப்பும் காலம் களஞ்சியத்தில் பெட்டி இறங்கிய நாளில் இருந்தே ஓடத் தொடங்கும்.

2,500 டொலருக்கு மேலே போகும் பொடி அல்லது லென்ஸ் என்றால் அமெரிக்க ஏற்றுமதிப் பதிவு ஒன்று தேவை, ஃபோர்வேர்டர் அதற்கு வேறாகக் காசு எடுப்பார். உங்கள் சாமானுக்கு வராது என்று நினைக்கிறேன்.

---

நிலாமுற்றம்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சிக்கல்: பற்றரி நேற்றே களஞ்சியத்துக்கு வந்துவிட்டது, 'ஆபத்தான பொருள், அனுப்ப முடியாது' என்று கணக்கில் சிவப்பில் காட்டுகிறது. கமரா வர இன்னும் ஒரு கிழமை. ரத்துச் செய்வதா?

---

பொதிக்கணக்கு

ரத்துச் செய்ய வேண்டாம். பற்றரி தனியாகக் கிடப்பதால் கணினி அதை யு.என். 3480 என்று அடையாளப்படுத்தியிருக்கிறது. இன்றைக்கே ஃபோர்வேர்டருக்கு ஒரு செய்தி எழுதுங்கள்: கமராவின் மொடல் இலக்கம், அதன் டிராக்கிங் இலக்கம், பற்றரி அதே கமராவுக்கு உரியது என்பது, இரண்டையும் ஒரே பெட்டியில் யு.என். 3481 ஆக, சாதனத்தோடு பொதி செய்ததாக அனுப்ப வேண்டும் என்பது. ஒவ்வொரு பற்றரியிலும் அச்சிட்ட வொட் மணி எண்ணையும் சேருங்கள்.

அவர்கள் ஏற்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் கூரியரில்? சாதனத்தோடு வரும் மேலதிகப் பற்றரியை எல்லாச் சேவையும் எடுக்காது, சில சேவைகள் உள்ளே பொருத்தியதை மட்டும் எடுக்கும். பிழையான சேவையைத் தெரிவு செய்தால் பெட்டி அங்கத்தைய விமான நிலையத்தில் இருந்து களஞ்சியத்துக்கே திரும்பி வரும், அந்தக் கூலி மீளாது.

ஏற்க மறுத்தால் பற்றரியைக் கடைக்குத் திருப்பிவிட்டு, கமராவோடு பெட்டியில் வரும் ஒரு பற்றரியோடு எடுங்கள். மேலதிகப் பற்றரியை இங்கேயே வாங்கலாம். களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கும் நாட்களை ஒருக்கா பாருங்கள், பற்றரி வந்த நாளில் இருந்துதான் எண்ணுவார்கள். கீபோர்ட் இன்னும் ஓடர் போடவில்லை என்றால் இப்போதே போடுங்கள், கமராவோடு ஒரே கிழமையில் வந்தால் மூன்றும் ஒரே பெட்டிக்குள் போகும்.